அணைத் தூணடியில் ஒரு சிரிப்பு

செக்கரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்தே காலம் தள்ளியவர். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும், எதிர்ப்படுகிறவன் தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு வழிவிடுவான். பார்வை அப்படி. இந்த ஆள் எதையோ ஒளிக்கிறான், எந்தப் பையில் என்பதுதான் தெரிய வேண்டும் என்கிற பார்வை. பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான், வானிலை வாசிக்கிறவன் வாய்க்கு வந்ததை வாசிக்கிறான், பல் டாக்டர் ஒன்றைப் பிடுங்கப் போனவனிடம் நாலைப் பிடுங்குகிறான். இதெல்லாம் அவர் எப்போதோ தீர்ப்புச் சொல்லி முடித்த வழக்குகள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரே ஒரு பொய் இருந்தது. அது அவர் வாயிலேயே இருந்தது. மேல்வரிசை முழுக்கப் பல்செட்.

பல் கட்டிக்கொண்டது குற்றமில்லை. மகள் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருநாள், இந்த வயதிலும் எல்லாம் சொந்தப் பல்லா என்று கேட்டுவிட்டாள். செக்கர் ஆமாம் என்று சொல்லவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆமாம் என்றது. அவளும் துணையை இழந்தவள், அவரும் அப்படியே. அன்றிலிருந்து காலை டீயும் ரஸ்க்கும் அந்தக் கடையில்தான். டீ பேச்சாகி, பேச்சு பழக்கமாகி, வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக முடிவானது. எதற்கு வருகிறாள் என்று இருவருக்கும் தெரியும். அவர் கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லி வைத்திருந்தாள். "போய்ச் சேர்ந்த மனுஷன் என்கிட்ட சொல்லாத பொய் இல்ல. இன்னொரு பொய்யைக் கட்டிக்கிட்டு மாரடிக்க எனக்குத் தெம்பில்லைங்க."

அதைக் கேட்டதிலிருந்து செக்கரின் நாக்கு மேல்வரிசையை விட்டு நகரவில்லை. சொல்லிவிடுவது என்று தினமும் கிளம்பிப் போவார். அவள் ரஸ்க்கை நீட்டுவாள். சிரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

சனிக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல், மாப்பிள்ளையைச் சோதிக்கலாம் என்று கிளம்பினார். மாப்பிள்ளையின் பிழைப்பு தண்ணீருக்கடியில் போட்டோ எடுப்பது. அழகான மீன், பவளம் எதுவும் கிடையாது. அணையின் மதகுத் தூண்களில் விரிசல் விட்டிருக்கிறதா என்று படம் பிடித்து அணைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். கிணற்றுக்குள் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்த மாதிரி இருக்கும் தண்ணீர். அதில் போட்டோவாம். செக்கர் இதை நம்பியதே இல்லை. மகளைக் கட்டிய நாளிலிருந்து இந்தப் பையன் எங்கேயோ மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டு வருகிறான் என்பது அவர் எண்ணம்.

படகில் போகும்போது மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினான். ஃபிளாஷ் அடித்தால் தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் மின்னி, பஞ்சு மெத்தை கிழிந்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஃபிளாஷ் கிடையாது. கேமராவை ஒரு கெட்டிப் பெட்டிக்குள் அடைத்து, ஈயக் கட்டி கட்டிய ஸ்டாண்டில் தூணடியில் நிறுத்தி, பக்கவாட்டில் இரண்டு மங்கலான விளக்கை வைத்துவிட்டு மேலே வந்துவிடுவான். படகிலிருந்து வயர் வழியாக அதன் கண்ணைத் திறக்கச் செய்வான். திறந்த கண் சட்டென்று மூடாது. அரை நிமிடம், சமயத்தில் ஒரு நிமிடம் விழித்தபடியே இருக்கும்.

"நம்ம கண்ணு அந்த நொடியை மட்டும்தான் பார்க்கும் மாமா. இது பார்த்துப் பார்த்துச் சேர்த்து வச்சுக்கும். உண்டியல் மாதிரி."

அப்படி ஒரே இடத்தைப் பல தடவை எடுத்து, சாஃப்ட்வேரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மிதக்கிறதெல்லாம் மறைந்துபோகும், நிற்கிறது மட்டும் தெளிந்து நிற்கும் என்றான்.

"மறைஞ்சு போறது எங்க போகுது?" என்றார் செக்கர்.

"எங்கயும் போகல மாமா. அழிஞ்சிடும்."

"அதானே பார்த்தேன்," என்றார் செக்கர். ஒரு களவைக் கண்டுபிடித்த திருப்தி அவருக்கு.

மதகு மூடியிருந்தது. தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. மாப்பிள்ளை இறங்கிக் கேமராவை வைத்துவிட்டு ஏறி வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இனி யாரும் அசையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான். படகு ஆடினால் வயர் இழுக்கும், வயர் இழுத்தால் கேமரா நகரும், படம் பாழ்.

அசையாதே என்று சொன்னதும் செக்கருக்கு மூக்குக்குள் ஏதோ ஊர்ந்தது. மனிதனுடைய மூக்கு அப்படி, வேண்டாத நேரம் பார்த்துத்தான் வேலை காட்டும். பல்லைக் கடித்தார். மூச்சை அடக்கினார். கண்ணில் நீர் முட்டியது. மாப்பிள்ளை கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தான். செக்கரின் முகம் தக்காளியாகி, கத்தரிக்காயாகி, கடைசியில் வெடித்தது.

தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை. தூணில் உட்கார்ந்திருந்த நாரை எழுந்து பறந்தது. படகு ஒரு குலுக்குக் குலுங்கியது. எல்லாம் அடங்கிய பிறகு, கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் 'டுபுக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். மாமனாரின் மேலுதடு உள்ளே போய்விட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பல்வரிசைக்குப் பயந்து நடந்தவன் அவன். அது கழற்றி மாட்டுகிற பல் என்று இன்றுதான் தெரிகிறது. சிரிப்பதா, பயப்படுவதா என்று அவனுக்குப் புரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, கேமராவைப் பார்த்து வருவதாகச் சொல்லித் தண்ணீரில் குதித்துவிட்டான். தண்ணீருக்கடியில் சிரித்தால் யாருக்கும் கேட்காது. மேலே குமிழி மட்டும் வந்தது. ஏராளமாக வந்தது. செக்கர் அந்தக் குமிழிகளை ஒவ்வொன்றாக முறைத்தார்.

பல்செட் கொஞ்ச நாளாகவே ஆட்டம் கண்டிருந்தது. டாக்டரிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் இறுக்கிக் கொடுத்திருப்பார். காட்டினால் மிச்சம் இருப்பதையும் பிடுங்கிவிடுவான் என்று செக்கர் போகவில்லை. புதிதாகக் கட்டுவதென்றால் வாரக்கணக்காகும். அவள் வருவது நாளை மதியம். அது போதாதென்று நாளைக் காலை மதகைத் திறக்கப் போகிறார்கள். திறந்தால் பல் ஆற்றோடு போய், கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளை கையால் துழாவிப் பார்த்தான். துழாவத் துழாவ அடிச்சேறு கிளம்பி, தன் கையே தனக்குத் தெரியாமல் போயிற்று. மேலே வந்து, இனித் தேடினால் சேற்றுக்குள் மிதித்துப் புதைத்துவிடுவேன் என்றான். சேறு படியட்டும், அதுவரை ஒன்றையும் தொட வேண்டாம், அப்புறம் கேமராவை விட்டே தேடலாம் என்றான். செக்கருக்கு வேறு வழியில்லை. தண்ணீர் தெளிந்தபின் தூணடியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். இந்தத் தடவை செக்கர் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டுச் சிலையாக உட்கார்ந்திருந்தார். மாலைக்கு மேல் மதகுப் பக்கம் இறங்க அனுமதியில்லை என்று காவலாள் விசில் அடித்தான். கரைக்குத் திரும்பினார்கள்.

நேரே ஸ்டூடியோவுக்குப் போனார்கள். மகள் கடை சாத்தத் தயாராக இருந்தாள். அவள் வேலை முகங்களைச் சரிசெய்வது. பரு, மச்சம், தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எதுவும் அவள் கைக்குத் தப்பாது. அவள் தொட்ட முகம் வேகவைத்து உரித்த முட்டை மாதிரி ஆகிவிடும். காலை முதல் மாலை வரை புள்ளியைக் கண்டால் ஒரு தட்டு, கோட்டைக் கண்டால் ஒரு இழுப்பு. ஊரை ஏமாற்றுகிற வேலை என்று செக்கர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

இன்று கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்ற அப்பாவை அவள் மேலும் கீழும் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள். அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லு சொல்லு என்று எத்தனை தடவை தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், நான் பருவை மறைத்தால் அது ஏமாற்று, நீ பல்லையே மறைத்தால் அதற்குப் பேரென்ன என்று கேட்டாள்.

"அது வேற," என்றார் செக்கர் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"என்ன வேற? நீயாவது என்னை மாதிரி ஒழுங்கா மறைச்சியா? தும்முனா பறக்குற மாதிரி மறைச்சிருக்க."

திட்டிக்கொண்டே படங்களைக் கணினியில் ஏற்றி அடுக்கினாள். முதலில் திரை வெறும் கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டக் கறுப்புக்குள் மணல் கொதிக்கிற மாதிரி புள்ளிகள். ஒவ்வொரு படமாக மேலே ஏற ஏற அந்தக் கொதிப்பு அடங்கியது. மீன் நீந்திய தடம் மறைந்தது, தூசி மறைந்தது. கறுப்புக்குள்ளிருந்து தூண் மெல்ல எழுந்து வந்து நின்றது. செக்கர் தன்னை மறந்து ஒரு எட்டு முன்னால் வைத்தார். அவ்வளவு நேரம் அவர் உட்கார்ந்திருந்த படகுக்கு நேர் கீழே இப்படியொரு இடம் இருந்திருக்கிறது, யாரும் பார்க்காமல்.

மகளின் வாய் திட்டுவதை நிறுத்தவில்லை, கை ஓடுவதை நிறுத்தவில்லை. கடைசியில், இந்தா பார், என்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

தூண் வழவழவென்று நின்றது. தரை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. பல் இல்லை.

"உன் பெட்டி என் பல்லைத் தின்னுடுச்சு," என்றார் செக்கர். "மறைஞ்சு போறது எங்க போகுதுன்னு படகுலயே கேட்டேன். மழுப்பிட்டார் உன் புருஷன்."

அசையாமல் கிடக்கிற பல் எப்படி மறையும் என்று மாப்பிள்ளை திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். அப்படியே நின்றான். பிறகு மனைவியிடம் மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டான்.

"விரிசல் எங்க?"

"என்ன விரிசல்?"

"தூண்ல இருந்த விரிசல். என் கை நீளத்துக்கு இருந்துச்சே. அதைப் படம் பிடிக்கத்தானே என்னை அனுப்பினாங்க."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தன் வலது கையை அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கோடு மாதிரி ஒண்ணு இருந்துச்சு," என்றாள். "நெத்திச் சுருக்கம் மாதிரி அசிங்கமா இருந்துச்சா, அதான் கை தானா..."

போட்டோ எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் மாப்பிள்ளை பொத்தென்று உட்கார்ந்தான். எத்தனையோ பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் அணையை இவள் உட்கார்ந்த இடத்தில் ஒரே இழுப்பில் பூசிவிட்டாள். இந்தப் படம் மட்டும் அணைக்காரர்கள் கைக்குப் போயிருந்தால், தூண் குணமாகிவிட்டது என்று மாலை போட்டிருப்பார்கள். அவனுக்கு அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது, வந்தது சிரிப்பு. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்ப என் பல்லு?" என்றார் செக்கர்.

சிரிப்பு நின்றது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். தூணில் விரிசல் திரும்பி வந்தது. துருப்பிடித்த ஆணி வந்தது. பாசித் திட்டு வந்தது. கடைசியில் தரையில், ஸ்டாண்டின் ஈயக் கட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வந்தது. இதைத்தான் அவள் பரு என்று நினைத்துத் தட்டியிருக்கிறாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

திரை நிறையச் சிரித்தது பல்செட். இளஞ்சிவப்பு ஈறும் முத்து வரிசையுமாக, சேற்றில் சாய்ந்து உட்கார்ந்து, இவர்களுக்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தது.

"மிச்சமான பன்னு கொஞ்சம் இருக்கு, வீட்டுக்குக் கொண்டுபோறியாம்மா?" என்று கேட்டபடி ரொட்டிக்கடைக்கார அம்மாள் உள்ளே வந்தாள்.

கடை சாத்தும் நேரத்தில் அவள் தினமும் வருவதுதான். இன்று யாருக்கும் அது நினைவில்லை. செக்கர் கைக்குட்டையை வாயோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பல்வலியா என்றாள். தலையாட்டினார். அப்புறம்தான் அவள் பார்வை திரைக்குப் போனது. கதவளவு சிரிப்பு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யாரோடது?"

மாப்பிள்ளை எழுந்து நின்று, அணைக்குள் ஜனங்கள் எதையெதையோ போடுகிறார்கள், இது எந்தக் காலத்துப் பல்லோ, யாருடைய பல்லோ என்று உளறினான். மாமனாருக்காக அவன் சொன்ன முதல் பொய் அது. அதையும் உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை.

செக்கர் மகளின் கையைப் பார்த்தார். அவள் கை தானாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், தரை வழவழவென்று ஆகிவிடும். பல் இருந்த இடம் தெரியாது. வாழ்நாள் முழுக்க இருக்கையடியில் ஒளிந்தவனையும் கூட்டத்துக்குள் ஒளிந்தவனையும் பிடித்து இறக்கியவர் அவர். டிக்கெட் இல்லாதவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்போது அது தன் கைக்குட்டைக்குப் பின்னால் இருப்பதும் தெரிந்தது.

"தொடாத," என்றார் மகளிடம்.

கைக்குட்டையை எடுத்தார். உதடு உள்ளே போன முகத்தோடு ரொட்டிக்கடைக்கார அம்மாளுக்கு நேரே திரும்பி நின்றார்.

"என்னுதுதான்," என்றார். "அன்னைக்கு நீங்க கேட்டப்பவே பொய்தான். தும்முனேன், விழுந்துடுச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். பன் பையை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துச் செக்கர் கைக்குட்டையை நீட்டினார். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் நீர் கொட்டியது, ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் கை இரண்டையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் வாரமே தனக்குத் தெரியும் என்றாள். அவர் பாதி கடித்து வைத்துவிட்டுப் போன பன்னை எடுத்துப் பார்த்தாளாம். சொந்தப் பல் கடித்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும், இது ஸ்கேல் வைத்துக் கடித்த மாதிரி இருந்ததாம். போதாததற்கு, கல் மாதிரியான ரஸ்க்கை டீயில் குளிப்பாட்டிக் குளிப்பாட்டித்தானே தின்கிறார்.

"தெரிஞ்சே ஏன் கேட்டீங்க?" என்றார் செக்கர்.

"நான் கேட்டது முதல் நாளு. தெரிஞ்சது அப்புறம். அதுக்கப்புறம் நீங்களா சொல்றீங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஊரையே செக் பண்ற ஆளு. உங்களை யாரு செக் பண்றது?"

செக்கருக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுளில் முதல் தடவையாக மாட்டிக்கொண்டிருக்கிறார், அது ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது என்று விளங்கவில்லை. நாளை கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் கையமர்த்தினாள்.

"நாளைக்கு மதியம் வர்றேன்னு சொன்னா மதியம்தான். அப்பக் கேளுங்க. பல்லோட கேட்டாலும் சரி, இல்லாமக் கேட்டாலும் சரி." பையிலிருந்து இருப்பதிலேயே மெத்தென்ற பன்னாகப் பார்த்து எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மதகு திறக்கிற சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், மாப்பிள்ளை படத்தில் பார்த்த இடத்துக்கு நேரே இறங்கி, ஒரு தடவைகூடத் துழாவாமல் பல்லோடு வந்தான். அதற்குள் ஒரு குட்டி நண்டு குடி வந்திருந்தது. வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று கொடுக்கைத் தூக்கியது. செக்கர் அதைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, பல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொதிக்கக் கொதிக்கக் கழுவினார். இருந்தாலும் நண்டு நடந்த இடத்தை நாக்கால் தொட மனம் வரவில்லை. கண்ணாடி டம்ளரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, பொக்கை வாயோடுதான் கேட்டார். அவள் பதில் சொல்ல நேரமானது. சிரித்து முடித்தால்தானே சொல்ல முடியும். சரி என்றாள்.

கல்யாணப் போட்டோவை மாப்பிள்ளைதான் எடுத்தான். ரொட்டிக்கடைக்குள், அடுப்பு வெளிச்சத்தில். ஃபிளாஷ் அடித்தால் கண்ணை மூடிவிடுவேன் என்று செக்கர் பிடிவாதம் பிடித்ததால், அணையில் நிறுத்துகிற மாதிரியே ஸ்டாண்டை நிறுத்தி, கண்ணைத் திறந்துவிட்டு, யாரும் அசையக் கூடாது என்றான். அவள் வற்புறுத்தலில் பல் டம்ளரோடு மேசைக்கு வந்திருந்தது. அசையாதே என்று கேட்டதும் செக்கரின் மூக்கு துடித்தது. அதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்த அரை நிமிடத்தையும் கேமரா ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்துக்கொண்டது.

படத்தில் மணமக்கள் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு புகை. எது அவர் தோள், எது அவள் கன்னம் என்று சொல்ல முடியாது. நடுவில் மேசைமேல் அந்த டம்ளர் மட்டும், ஒவ்வொரு பல்லும் எண்ணிப் பார்க்கிற மாதிரி, துல்லியமாக விழுந்திருந்தது. மகள் அதைத் திரையில் போட்டுவிட்டு, வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். செக்கர் பின்னால் நின்று மூலைக்கு மூலை பார்த்தார்.

"எதையாவது அழிச்சியா?"

"இல்லப்பா."

இன்னொரு தடவை கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

அந்தப் படம் இப்போது ரொட்டிக்கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. பன் வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது என்ன படம் என்று கேட்பார்கள்.

"அந்தப் புகை நாங்க ரெண்டு பேரும்," என்பாள் அவள் பன்னைக் கட்டிக்கொண்டே. "டம்ளர்ல இருக்கிறது சாட்சி."